விபிஎன் போட்டால் இருக்குமிடம் மறையுமா? சோதித்துப் பார்த்து ஓட்டைகளை அடைக்கும் வழி

தஞ்சாவூரில் உட்கார்ந்துகொண்டு விபிஎன் செயலியில் ஆம்ஸ்டர்டாமைத் தேர்ந்தெடுக்கிறீர்கள். இணைந்துவிட்டதாகச் செயலி சொல்கிறது. ஐபி முகவரி காட்டும் தளம் ஒன்றைத் திறந்தால் நெதர்லாந்துக் கொடி தெரிகிறது. அடுத்த நிமிடம் கூகுள் மேப்ஸைத் திறந்தால், நீலப் புள்ளி பெரிய கோயிலுக்கு இரண்டு தெரு தள்ளி, நீங்கள் இருக்கும் வீட்டின் மேலேயே நிற்கிறது. விபிஎன் பழுதாகவில்லை. அதன் வேலை வெளியே தெரியும் ஐபி முகவரியை, அதாவது இணையத்தில் நம் இணைப்புக்கான எண்ணை, மாற்றுவது. அதைச் சரியாகவே செய்திருக்கிறது. வரைபடத்துக்கு இடத்தைச் சொன்னது போனின் ஜிபிஎஸ்.

புதிதாக விபிஎன் வாங்குபவர்கள் ஏமாறுவது இந்த இடத்தில்தான். நாம் எங்கே இருக்கிறோம் என்பதை ஐபி மட்டும் சொல்வதில்லை. ஜிபிஎஸ், பக்கத்து வீட்டு வைஃபை ரவுட்டர்கள், சிம் கார்டு, கணினியில் வைத்திருக்கும் நேர மண்டலம், லாகின் செய்திருக்கும் கணக்கு, எடுத்து அனுப்பும் படம் என்று பல வாய்கள் உண்டு. இவை எல்லாவற்றிலும் ஐபி என்ற ஒன்றை மட்டும் விபிஎன் மூடும். மற்றவற்றில் பலவற்றை நாமே மூடலாம். ஒன்றிரண்டை யாராலும் மூட முடியாது. எது எந்த வகை என்று தெரிந்துகொண்டு, ஒவ்வொன்றாகச் சோதித்து அடைப்பதுதான் இங்கே சொல்லப்போவது. ஒரு மணி நேரம் ஒதுக்கினால் போதும்.

ஐபி முகவரி எவ்வளவு காட்டிக்கொடுக்கும்

நீங்கள் திறக்கும் ஒவ்வொரு தளத்துக்கும் உங்கள் ஐபி முகவரி தெரிந்தே ஆகவேண்டும். இல்லையென்றால் பதில் திரும்பி வராது. அந்த எண்ணை மேக்ஸ்மைண்ட் போன்ற நிறுவனங்கள் வைத்திருக்கும் பட்டியலில் தேடி, இன்ன நாடு, இன்ன ஊர் என்று தளங்கள் கணிக்கின்றன. நாடு பெரும்பாலும் சரியாக இருக்கும். ஊர் அடிக்கடி தவறும்.

மொபைல் டேட்டாவில் இந்தத் தவறு இன்னும் அதிகம். நம் ஊர் நிறுவனங்கள் ஒரே பொது ஐபிவி4 (பழைய வகை ஐபி) முகவரியைப் பலருக்குப் பகிர்ந்து கொடுக்கின்றன. போனுக்குள் 100.64 என்று தொடங்கும் முகவரியைப் பார்த்தால் அப்படிப்பட்ட பகிர்வு நடக்கிறது என்று அர்த்தம். அதனால் தஞ்சாவூர்க்காரர் சென்னையிலோ வேறொரு பெருநகரத்திலோ இருப்பதாகத் தளத்துக்குத் தெரியலாம். வீட்டு ஃபைபர் இணைப்பில் ஊர்ப் பெயர் சரியாக விழ வாய்ப்பு கூடுதல். எப்படியானாலும், வெறும் ஐபியை வைத்து ஒரு தளத்தால் தெருவைச் சொல்ல முடியாது. தெருவைச் சொல்லக்கூடியவர் இணைப்புக் கொடுத்தவர்தான். எந்த ஐபி எந்த நேரத்தில் எந்தச் சந்தாதாரரிடம் இருந்தது என்ற பதிவை இந்தியாவில் அவர்கள் குறைந்தது 2 ஆண்டுகள் வைத்திருக்க வேண்டும். 2021 டிசம்பரில் உரிம விதியைத் திருத்தி இப்படி ஆக்கினார்கள்.

விபிஎன் இணைத்ததும் போனிலிருந்து விபிஎன் சர்வர் வரை ஒரு பூட்டிய குழாய் உருவாகிறது. தளத்துக்குத் தெரிவது சர்வரின் ஐபி. இணைப்புக் கொடுத்தவருக்குத் தெரிவது, நீங்கள் இன்ன விபிஎன் சர்வரோடு இன்ன நேரத்தில் இவ்வளவு டேட்டா பரிமாறினீர்கள் என்பது மட்டும். எந்தத் தளம் என்பது தெரியாது. ஆனால் குழாயின் நடுவில் நிற்கும் விபிஎன் நிறுவனத்துக்கு இரண்டு பக்கமும் தெரியும். ஆகவே முதல் முடிவு, யாரை நடுவில் நிறுத்துவது என்பது.

எந்த விபிஎன்

'பதிவு எதுவும் வைப்பதில்லை' என்று எல்லா நிறுவனமும் எழுதும். எழுதியது உண்மையா என்பது நெருக்கடி வந்தபோதுதான் தெரிந்திருக்கிறது. 2017-ல் அமெரிக்காவில் நடந்த ஒரு வழக்கில் பியூர்விபிஎன் கொடுத்த இணைப்பு விவரங்கள் ஒருவரின் வீட்டு ஐபியையும் அலுவலக ஐபியையும் ஒரே கணக்கோடு சேர்த்துக் காட்டின. 2020-ல் யுஎஃப்ஓ விபிஎன் உட்பட ஏழு இலவச விபிஎன் செயலிகளின் பயனர் பதிவுகள் பூட்டில்லாத சர்வரில் திறந்து கிடந்தன; ஏழுமே பதிவு வைப்பதில்லை என்று சொல்லிவந்தவை. 2015-ல் ஹோலா என்ற இலவசச் சேவை தன் பயனர்களின் இணைப்பையே இன்னொரு பெயரில் வாடகைக்கு விட்டுவந்தது வெளியானது. மாறாக, 2023 ஏப்ரலில் ஸ்வீடன் போலீஸார் சோதனை உத்தரவோடு மல்வாட் விபிஎன் நிறுவனத்தின் கோதன்பர்க் அலுவலகத்துக்குப் போய், எடுக்க விவரம் எதுவும் இல்லாமல் வெறுங்கையோடு திரும்பினார்கள்.

வாங்கும் முன் நான்கு விஷயத்தைப் பாருங்கள். வெளித் தணிக்கை நடந்திருக்கிறதா, அதன் அறிக்கை பொதுவில் இருக்கிறதா? குழாயை அமைக்கும் முறையாக வயர்கார்ட் அல்லது ஓபன்விபிஎன் நெறிமுறை உண்டா? இணைப்பு அறுந்தால் இணையத்தையே நிறுத்தும் கில் ஸ்விட்ச் உண்டா? ஐபிவி6 (புதிய வகை ஐபி) போக்குவரத்தைக் குழாய்க்குள் எடுக்கிறதா, அல்லது குறைந்தபட்சம் தடுக்கிறதா? இந்த நான்காவதை யாரும் கேட்பதில்லை; இந்தியாவில் அதிகம் கசிவது அங்கேதான். காசு கொடுக்க முடியாவிட்டால் புரோட்டான் விபிஎன்னின் இலவசத் திட்டம் டேட்டா அளவு வரம்பில்லாமல் கிடைக்கிறது. பெயர் தெரியாத இலவசச் செயலி எதையும் இதற்குப் பயன்படுத்த வேண்டாம் என்பது எங்கள் உறுதியான கருத்து.

பிரவுசர் நீட்சியாக வரும் 'விபிஎன்' வேறு சாதி. அது அந்த பிரவுசரின் போக்குவரத்தை மட்டும் திருப்பிவிடும். வாட்ஸ்அப், மெயில் செயலி, விண்டோஸ் அப்டேட் எல்லாம் உங்கள் சொந்த ஐபியிலேயே போகும். இடத்தை மறைப்பது நோக்கமென்றால் முழுச் செயலியையே நிறுவுங்கள்.

இந்திய சர்வர் பற்றி ஒரு வார்த்தை. 2022 ஏப்ரல் 28-ல் இந்திய அரசின் இணையப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன் வெளியிட்ட உத்தரவு, விபிஎன் நிறுவனங்கள் வாடிக்கையாளரின் பெயர், மெயில், ஒதுக்கிய ஐபி, முகவரி உள்ளிட்ட விவரங்களை 5 ஆண்டுகள் வைத்திருக்க வேண்டும் என்றது. அதை ஏற்காமல் எக்ஸ்பிரஸ்விபிஎன், சர்ஃப்ஷார்க், நார்ட்விபிஎன் போன்றவை இந்தியாவில் இருந்த சர்வர்களை எடுத்துவிட்டன. இப்போது பட்டியலில் 'இந்தியா' என்று தெரிந்தால் அது பெரும்பாலும் விர்ச்சுவல் சர்வர்: ஐபி இந்தியாவுடையது, பெட்டி இருப்பது சிங்கப்பூரிலோ இங்கிலாந்திலோ. வெளிநாட்டிலிருந்து நம் ஊர்த் தளங்களைப் பார்க்க விரும்புபவருக்கு அது வேலை செய்யும். ஆனால் சர்வர் எந்த நாட்டில் என்று கொடி சொல்வதை அப்படியே நம்பக் கூடாது என்பதற்கு இது நல்ல உதாரணம்.

படி 1: விபிஎன் இல்லாமல் ஒரு தாள்

விபிஎன்னை அணைத்துவிட்டு, ஐபிலீக்.நெட் அல்லது பிரவுசர்லீக்ஸ்.காம் தளத்தைத் திறந்து ஐந்து விஷயங்களைத் தாளில் எழுதிக்கொள்ளுங்கள்: ஐபிவி4 முகவரி, ஐபிவி6 முகவரி, இணைப்பு நிறுவனத்தின் பெயர், டிஎன்எஸ் சர்வர்களின் (படி 3-ல் விளக்கம்) பட்டியல், காட்டும் ஊர். ஒருமுறை வீட்டு வைஃபையிலும் ஒருமுறை மொபைல் டேட்டாவிலும் எடுங்கள். இந்தத் தாள் இல்லாமல் செய்யும் சோதனைக்குப் பொருளில்லை. பிறகு திரையில் ஒரு எண் தெரியும்போது அது உங்களுடையதா, சர்வருடையதா என்று வேறு எப்படித் தெரியும்?

படி 2: செயலியின் அமைப்புகள்

நெறிமுறையை வயர்கார்டில் வையுங்கள். கில் ஸ்விட்சை இயக்குங்கள். ஆண்ட்ராய்டில் செயலிக்குள் இருப்பது போதாது. செட்டிங்ஸில் நெட்வொர்க் பகுதிக்குப் போய், விபிஎன் பெயருக்குப் பக்கத்தில் உள்ள பல்சக்கரத்தை அழுத்தி, 'எப்போதும் விபிஎன்' என்பதையும் 'விபிஎன் இல்லாத இணைப்புகளைத் தடு' என்பதையும் இரண்டையுமே இயக்குங்கள். முதலாவது மட்டும் இருந்தால், குழாய் அறுந்து மீண்டும் இணையும் அந்தச் சில விநாடிகளில் பின்னணியில் ஓடும் செயலிகள் சொந்த ஐபியில் வெளியே பேசிவிடும். இரண்டும் இருந்தாலும், இணையம் இருக்கிறதா என்று பார்க்க ஆண்ட்ராய்டு அனுப்பும் சிறு விசாரிப்புகள் குழாய்க்கு வெளியே போவதை மல்வாட் 2022-ல் காட்டியது. சாதாரணப் பயனருக்கு அதனால் ஆபத்தில்லை. ஓர் அரசாங்கத்திடமிருந்து ஒளிபவருக்கு அது தெரிந்திருக்க வேண்டும்.

ஐஃபோனில் வேறு சிக்கல். விபிஎன் இணைப்பதற்கு முன்பே திறந்திருந்த இணைப்புகளை ஐஓஎஸ் மூடுவதில்லை என்பதைப் புரோட்டான் 2020-ல் வெளிப்படுத்தியது. அவை பழைய வழியிலேயே தொடரலாம். கைவைத்தியம்: விபிஎன் இணையுங்கள், ஃப்ளைட் மோட் போடுங்கள், பத்து விநாடி கழித்து எடுங்கள். பழைய இணைப்புகளில் பெரும்பாலானவை அறுந்து குழாய் வழியாகப் புதிதாக எழும்.

படி 3: இணைத்தபின் கசிவுச் சோதனை

இப்போது அதே தளத்தை மறைநிலைச் சாளரத்தில் திறந்து தாளோடு ஒப்பிடுங்கள்.

ஐபிவி4 மாறியிருக்கும். கண்ணை நேராக ஐபிவி6 வரிக்குக் கொண்டுபோங்கள். ஜியோ போன்ற நிறுவனங்கள் மொபைலில் ஐபிவி6-ஐயே முதன்மையாகக் கொடுக்கின்றன. ஐபிவி4-ஐ மட்டும் சுமக்கும் விபிஎன் போட்டிருந்தால், ஐபிவி6 போக்குவரத்து குழாயைத் தொடாமல் நேராக வெளியே போகும். திரையில் மேல் வரியில் நெதர்லாந்து, கீழ் வரியில் 2409 என்று தொடங்கும் உங்கள் ஜியோ முகவரி. இரண்டாவதைப் பார்க்கும் தளத்துக்கு முதலாவது தேவையே இல்லை. அப்படித் தெரிந்தால் விபிஎன் செயலியில் 'ஐபிவி6 கசிவுத் தடுப்பு' இருக்கிறதா பாருங்கள். இல்லையென்றால் விண்டோஸில் நெட்வொர்க் அடாப்டரின் பண்புகளுக்குப் போய் ஐபிவி6 என்ற பெட்டியின் டிக்கை எடுத்துவிடலாம்; போனில் என்றால் விபிஎன்னையே மாற்றுவது நல்லது. அந்த வரி காலியாக இருந்தாலோ சர்வரின் நாட்டையே காட்டினாலோ நிம்மதி.

அடுத்து டிஎன்எஸ். ஒரு தளத்தின் பெயரை எண்ணாக மாற்றித் தருவது டிஎன்எஸ் சர்வர். இந்தக் கேள்வி குழாய்க்கு வெளியே போனால், நீங்கள் எந்தத் தளத்துக்குப் போகிறீர்கள் என்று இணைப்பு நிறுவனத்துக்குத் தெரியும். நீங்கள் எந்த நாட்டு நிறுவனத்தின் வாடிக்கையாளர் என்று தளத்துக்கும் தெரிய வழியுண்டு. பட்டியலில் தாளில் எழுதிய நிறுவனத்தின் பெயர் ஒன்றுகூட வரக் கூடாது. கூகுள், கிளவுட்ஃபிளேர் என்று வந்தால் அதோடு விட்டுவிடாமல், எந்த ஊர்க் கிளை என்று பாருங்கள். இவர்களுக்கு உலகெங்கும் கிளைகள் உண்டு. கேள்வி அருகில் உள்ள கிளைக்குத்தான் போகும். ஆம்ஸ்டர்டாம் சர்வரோடு இணைந்திருக்கும்போது டிஎன்எஸ் கிளை மும்பையில் இருந்தால், கேள்வி குழாய் வழியாகப் போகவில்லை. விபிஎன் செயலியின் சொந்த டிஎன்எஸ்ஸைத் தேர்ந்தெடுத்து மீண்டும் சோதியுங்கள். விண்டோஸ் 8 முதல் எல்லா நெட்வொர்க் அடாப்டரிலும் ஒரே நேரத்தில் டிஎன்எஸ் கேட்கும் பழக்கம் உண்டு. நல்ல செயலிகள் அதைத் தடுக்கும், மட்டமானவை தடுக்காது.

மூன்றாவது வெப்ஆர்டிசி. பிரவுசரிலேயே வீடியோ அழைப்பு பேச உதவும் இந்த வசதி, எதிர்முனைக்கு நேர்வழி தேடுவதற்காக உங்கள் பொது ஐபியைக் கேட்டறியும். சாதாரண ஒரு வலைப்பக்கமும் அந்தப் பதிலைப் படிக்க முடியும். முழுச் செயலி சரியாக ஓடினால் இங்கேயும் சர்வரின் ஐபிதான் தெரியும். நீட்சி வடிவ விபிஎன்களில்தான் சொந்த ஐபி எட்டிப்பார்க்கும். அப்படித் தெரிந்தால் நீட்சியை விட்டு முழுச் செயலிக்கு மாறுங்கள்.

படி 4: வேண்டுமென்றே அறுத்துப் பாருங்கள்

நன்றாக ஓடும்போது சோதிப்பது பாதிச் சோதனைதான். ஐபி காட்டும் பக்கத்தைத் திறந்து வைத்துக்கொண்டு, வைஃபையை அணைத்து மொபைல் டேட்டாவுக்கு மாறுங்கள். மாறும் நேரத்தில் பக்கத்தை நாலைந்து முறை புதுப்பியுங்கள். விபிஎன் செயலியைப் பலவந்தமாக நிறுத்திவிட்டுப் புதுப்பியுங்கள். போனை அணைத்துப் போட்டு, திரை வந்ததும் முதல் வேலையாகப் பாருங்கள். மூன்றிலும் பக்கம் திறக்காமல் நிற்க வேண்டும், அல்லது சர்வரின் ஐபி தெரிய வேண்டும். ஒருமுறை சொந்த ஐபி தெரிந்தாலும் கில் ஸ்விட்ச் வேலை செய்யவில்லை.

ஹாட்ஸ்பாட் போட்டு மடிக்கணினியை இணைப்பவர்கள் இதையும் சேர்த்துப் பாருங்கள்: போனில் ஓடும் விபிஎன், ஹாட்ஸ்பாட்டில் சேரும் கணினிக்குப் பொதுவாகப் பொருந்தாது. கணினியின் போக்குவரத்து குழாயைச் சுற்றிக்கொண்டு நேராகப் போகும். கணினியிலும் தனியாக விபிஎன் வேண்டும்.

விடுதி, விமான நிலைய வைஃபைக்கு ஓர் எச்சரிக்கை. 2024 மே மாதம் 'டனல்விஷன்' என்ற பெயரில் ஒரு வழி வெளியானது. வைஃபையை நடத்துபவர், கணினிக்கு முகவரி கொடுக்கும்போதே, அப்படிக் கொடுக்கும் முறையான டிஎச்சிபி-யின் 121-ஆம் விருப்பத்தைச் சேர்த்து அனுப்பி, போக்குவரத்தைக் குழாய்க்கு வெளியே இழுத்துவிடலாம். செயலியோ இணைந்திருப்பதாகவே காட்டிக்கொண்டிருக்கும். ஆண்ட்ராய்டு அந்த விருப்பத்தை ஏற்பதில்லை என்பதால் அதற்கு இந்தப் பாதிப்பில்லை. மற்றக் கருவிகளில், நம்பிக்கையில்லாத வைஃபைக்குப் பதிலாகச் சொந்த போனின் ஹாட்ஸ்பாட்டில் விபிஎன் போடுங்கள்.

படி 5: கருவி தானே சொல்லும் இடம்

கூகுளில் எதையாவது தேடி, முடிவுப் பக்கத்தின் அடிமட்டம் வரை இறங்குங்கள். அங்கே ஓர் ஊர்ப் பெயரும், அது எங்கிருந்து கிடைத்தது என்பதும் சின்ன எழுத்தில் இருக்கும். 'ஐபி முகவரியிலிருந்து' என்றால் விபிஎன்னின் ஊர் தெரியும். 'உங்கள் கருவியிலிருந்து' என்றால் போனோ கணினியோ நேராகச் சொல்லிவிட்டது. 'முந்தைய செயல்பாட்டிலிருந்து' என்றால் கணக்கு நினைவு வைத்திருக்கிறது. எந்த வாய் திறந்திருக்கிறது என்று காட்ட இதைவிட எளிய சோதனை கிடையாது.

ஜிபிஎஸ் இல்லாத மடிக்கணினி எப்படித் தெருவரை சொல்கிறது என்று பலர் வியப்பதுண்டு. வைஃபையில் இணையும்போது பக்கத்து வீட்டு ரவுட்டர்களின் பெயர்கள் வரிசையாகத் தெரிகின்றன அல்லவா? ஒவ்வொரு ரவுட்டருக்கும் தனி அடையாள எண் உண்டு. எந்த எண் எந்த இடத்தில் என்ற பெரும்பட்டியலைக் கூகுளும் ஆப்பிளும் வைத்திருக்கின்றன. தெருவில் நடமாடும் போன்களே அதை நிரப்புகின்றன. இரண்டு மூன்று ரவுட்டர்களின் எண்ணும் சிக்னல் பலமும் கிடைத்தால் சில பத்து மீட்டருக்குள் இடத்தைச் சொல்லிவிடலாம். இந்தக் கணக்கை ஆம்ஸ்டர்டாம் வழியாகச் சுற்றி அனுப்பினாலும் பதில் தஞ்சாவூர்தான், ஏனென்றால் உள்ளே இருக்கும் ரவுட்டர்கள் தஞ்சாவூருடையவை.

மூடும் வழி: விண்டோஸில் தனியுரிமைப் பகுதியில் இருப்பிடத்தை அணையுங்கள். ஐஃபோனில் தனியுரிமை, பாதுகாப்புப் பகுதியில் இருப்பிடச் சேவைகள். ஆண்ட்ராய்டில் இருப்பிடத்தை அணைப்பதோடு, அதன் கீழேயே உள்ள 'வைஃபை ஸ்கேனிங்', 'புளூடூத் ஸ்கேனிங்' இரண்டையும் அணையுங்கள். வைஃபையை அணைத்தபின்னும் போன் ரவுட்டர்களைத் தேடிக்கொண்டே இருக்கச் செய்பவை இவை. முழுவதும் அணைக்க முடியாதவர்கள் செயலிகளுக்குத் துல்லிய இடத்தை மறுத்து, தோராய இடத்தை மட்டும் கொடுக்கலாம்; ஐஓஎஸ் 14, ஆண்ட்ராய்டு 12 முதல் இந்த வசதி உண்டு. பிரவுசரிலும் எல்லாத் தளங்களுக்கும் இருப்பிட அனுமதியைத் தடுத்துவிடுங்கள். சொந்த ரவுட்டர் கூகுளின் பட்டியலில் ஏறாமலிருக்க, வைஃபை பெயரின் கடைசியில் இடைவெளி விடாமல் ஓர் அடிக்கோடு போட்டு ஆங்கிலச் சின்ன எழுத்தில் 'நோமேப்' (_nomap) என்று சேர்க்கலாம். பக்கத்து வீட்டு ரவுட்டரை அது தடுக்காது என்பதால் அனுமதியை மறுப்பதுதான் முக்கியம்.

போலி ஜிபிஎஸ் செயலிகளை நாங்கள் பரிந்துரைப்பதில்லை. இடம் போலி என்பதை ஆண்ட்ராய்டே மற்றச் செயலிகளுக்குச் சொல்லிவிடும். சிம் எந்த நாட்டுடையது, எந்த நாட்டு நெட்வொர்க்கில் இருக்கிறது என்பதையும் செயலிகள் ஆண்ட்ராய்டில் தனி அனுமதி கேட்காமலேயே படிக்கலாம். ஊர் தெரியாது, நாடு தெரிந்துவிடும். அதனால் இடம் மறைக்க வேண்டிய வேலையைச் செயலியில் செய்யாமல், கணினி பிரவுசரில் செய்வது பாதுகாப்பு.

படி 6: ஐந்தரை மணி நேரமும் மற்றத் தடயங்களும்

எந்த வலைப்பக்கமும் ஒரே ஒரு வரி ஜாவாஸ்கிரிப்டில் உங்கள் கணினியின் நேர மண்டலத்தைக் கேட்கலாம். அனுமதி கேட்டு எந்தப் பெட்டியும் வராது. உலகப் பொது நேரத்தைவிட 330 நிமிடம் முன்னால் என்று பதில் போகும். ஐந்தரை மணி நேரம் முன்னால் இருப்பவை இந்தியாவும் இலங்கையும் மட்டுமே. மண்டலத்தின் பெயரைக் கேட்டால் 'ஆசியா/கல்கத்தா' என்றோ 'ஆசியா/கொழும்பு' என்றோ இன்னும் தெளிவாகவே வரும். ஐரோப்பியர் ஒருவருக்கு இதே தடயம் பல நாடுகளோடு கலந்து மங்கிவிடுகிறது. நமக்கு அந்தச் சலுகை இல்லை.

மாற்றும்போது கவனம். நேர மண்டலத்தை மாற்றுங்கள். கடிகாரத்தைக் கையால் திருப்பாதீர்கள். கடிகாரத்தைத் திருப்பினால் தளங்களின் பாதுகாப்புச் சான்றிதழ் தேதி பொருந்தாமல் பிரவுசர் எச்சரிக்கும். ஆத்தென்டிகேட்டர் செயலி தரும் ஆறு இலக்க எண்ணும் பொய்க்கும். தனியுரிமைக்கென்றே உருவான டார் பிரவுசரும் மல்வாட் பிரவுசரும் எல்லோருக்கும் உலகப் பொது நேரத்தையே காட்டுவதால், தனி பிரவுசராக அவற்றில் ஒன்றை வைத்துக்கொள்வது எளிது. மொழி விருப்பப் பட்டியலில் இந்திய ஆங்கிலமோ தமிழோ முதலில் இருந்தால் அதுவும் ஒவ்வொரு கோரிக்கையோடும் போகிறது என்பதையும் நினைவில் வையுங்கள்.

கணக்கு விஷயத்தில் நீண்ட விளக்கம் தேவையில்லை. ஆறு வருடம் தஞ்சாவூரிலிருந்து திறந்த கூகுள் கணக்கில் ஆம்ஸ்டர்டாமிலிருந்து நுழைந்தால், கூகுள் உங்களை மறந்துவிடாது. 91 என்று தொடங்கும் போன் எண்ணும், எந்த நாட்டு வங்கி என்று முதல் சில இலக்கத்திலேயே சொல்லும் கார்டும் அப்படித்தான். மறைக்க வேண்டிய வேலைக்குத் தனி பிரவுசர், அதில் பழைய கணக்கு எதுவும் கிடையாது.

படங்களில் எச்சரிக்கை வேண்டும். கேமராவுக்கு இருப்பிட அனுமதி இருந்தால், படத்துக்குள்ளேயே அட்சரேகை, தீர்க்கரேகை பதிந்துவிடும். வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பினால் அது நீக்கப்படும். தரம் குறையக் கூடாது என்று 'டாக்குமென்ட்' ஆக அனுப்பினால் அப்படியே போய்ச் சேரும். வாட்ஸ்அப் அழைப்பிலும் இருவர் கருவிகளும் நேராக இணையும்போது ஒருவர் ஐபி மற்றவருக்குத் தெரியும். தனியுரிமை அமைப்பின் 'மேம்பட்டவை' பகுதியில் அழைப்பில் ஐபியைப் பாதுகாக்கும் வசதியை 2023-ல் சேர்த்திருக்கிறார்கள், இயக்கிவிடுங்கள்.

தூரத்தை மறைக்க முடியாது

எல்லாம் அடைத்தபின்னும் மிஞ்சும் ஒன்று, தாமதம். கண்ணாடி இழையில் சிக்னல் நொடிக்குச் சுமார் 2 லட்சம் கிலோமீட்டர் ஓடும். போய்வரும் கணக்கில் 100 கிலோமீட்டருக்கு 1 மில்லி விநாடி. தஞ்சாவூரிலிருந்து ஆம்ஸ்டர்டாம் நேர்க்கோட்டில் ஏறத்தாழ 8,000 கிலோமீட்டர். ஆகவே 80 மில்லி விநாடிக்குக் குறைய வழியே இல்லை. கடலடிக் கேபிள் சுற்றிப் போவதால் நடைமுறையில் அதைவிட மிகவும் கூடும். ஆம்ஸ்டர்டாமில் உள்ள ஒரு தளம், அதே ஊர் ஐபியிலிருந்து வரும் பதில் இவ்வளவு தாமதமாவதைக் கவனித்தால், ஆள் அந்த ஊரில் இல்லை என்று புரிந்துகொள்ளும். தஞ்சாவூர் என்று அதற்குத் தெரியாது. தொலைவில் என்று தெரியும். வயர்கார்ட் பொதிகளின் அளவும் வழக்கமான 1,500 பைட்டுக்குப் பதில் 1,420 ஆக இருப்பதால் நடுவில் குழாய் இருப்பதை ஊகிக்கலாம். சர்வரின் ஐபி தரவு மையத்துடையது என்பதும் பட்டியல்களில் இருக்கும். நீங்கள் மனிதர்தானா என்று சோதிக்கும் கேப்சா அடிக்கடி வருவதும், படம் பார்க்கும் தளங்கள் தடுப்பதும் இதனால்தான்.

ஊரை மறைப்பது மட்டுமே நோக்கம் என்றால் தொலைதூர நாட்டைத் தேர்ந்தெடுக்காதீர்கள். சிங்கப்பூர் போதும், வேகமும் அதிகம் குறையாது, தாமதமும் கண்ணை உறுத்தாது. வங்கிச் செயலிகளை மட்டும் 'ஸ்பிளிட் டனலிங்' அமைப்பில் குழாய்க்கு வெளியே வையுங்கள். திடீரென வெளிநாட்டு ஐபியில் நுழைந்தால் கணக்கை முடக்கிவிட வாய்ப்புண்டு.

யாரிடமிருந்து

ஒரு தளத்திடமிருந்தும் விளம்பர நிறுவனத்திடமிருந்தும் ஊரை மறைக்க, மேலே சொன்னவை செய்தால் விபிஎன் நன்றாகவே உதவும். மொபைல் நிறுவனத்திடமிருந்து இடத்தை மறைக்க முடியாது: எந்த டவரில் போன் இருக்கிறது என்று தெரியாமல் அவர்களால் அழைப்பே கொடுக்க முடியாது. போலீஸார் சட்டப்படி கேட்டால் டவர் பதிவு, இணைப்புப் பதிவு இரண்டும் அவர்களுக்குக் கிடைக்கும்.

வன்முறை செய்யும் கணவரிடமிருந்தோ விடாமல் பின்தொடரும் ஒருவரிடமிருந்தோ தப்ப விபிஎன் வாங்குபவர்கள் இருக்கிறார்கள். அவர்களுக்குத் தெளிவாகச் சொல்ல வேண்டும்: போனைக் கையில் எடுத்துப் பார்த்திருக்கக்கூடிய ஒருவரிடமிருந்து விபிஎன் காப்பாற்றாது. கூகுள் மேப்ஸ் இருப்பிடப் பகிர்வு, ஆப்பிளின் ஃபைண்ட் மை, வேறு கருவியில் திறந்திருக்கும் உங்கள் கூகுள் கணக்கு, குடும்பக் கண்காணிப்புச் செயலி இவற்றைத்தான் முதலில் பார்க்க வேண்டும். ஐஓஎஸ் 16 முதல் 'பாதுகாப்புச் சரிபார்ப்பு' என்ற பக்கம் யார் யாரோடு எதைப் பகிர்கிறீர்கள் என்று ஒரே இடத்தில் காட்டும். பகிர்வை நிறுத்தியது மறுபக்கத்துக்குத் தெரியவரலாம் என்பதால், பாதுகாப்பான இடத்துக்குப் போனபிறகு நிறுத்துங்கள். அதுவரை நம்பகமான வேறொருவரின் போனிலிருந்து பேசுங்கள். தமிழ்நாட்டில் பெண்கள் உதவி எண் 181, இணையக் குற்றங்களுக்கு 1930.

வளைகுடாவில் வேலை பார்ப்பவர்கள் கவனிக்க: ஐக்கிய அரபு அமீரகத்தின் 2021-ஆம் ஆண்டின் 34-ஆம் எண் சட்டப்படி, குற்றம் செய்யவோ அது வெளிப்படாமல் தடுக்கவோ ஐபியை மாற்றிக் காட்டினால் 5 லட்சம் முதல் 20 லட்சம் திர்ஹாம் வரை அபராதமோ, சிறையோ, இரண்டுமோ கிடைக்கலாம். அலுவலக விபிஎன் வேறு. தடைசெய்த அழைப்புச் செயலிக்காக விபிஎன் போடுவது வேறு. இந்தியாவில் விபிஎன் பயன்படுத்துவது குற்றமல்ல. ஜம்மு காஷ்மீரின் சில மாவட்டங்களில் மட்டும் அவ்வப்போது தடை உத்தரவு போடுகிறார்கள்.

போனின் இயங்குதளம் பெரிய அப்டேட் ஆனபிறகும், விபிஎன் செயலி புதுப்பிக்கப்பட்ட பிறகும், சிம் நிறுவனம் மாறிய பிறகும் படி 3, படி 4 இரண்டையும் மறுபடி செய்யுங்கள். தாளைத் தூக்கிப் போடாமல் ரவுட்டரின் அடியில் ஒட்டி வைத்தால் அடுத்த முறை பத்து நிமிடத்தில் முடிந்துவிடும்.